பூட்டாமல் வரச் சொன்னவள்

வீடு எங்கே என்று யாராவது கேட்டால், வெர்னா ஸ்டெஃபியுக் பதில் சொல்லும்போது கேட்டவரின் புருவத்தைத்தான் பார்ப்பாள். ஃபாரஸ்ட் லான் என்ற பெயர் காதில் விழுந்ததும் அந்தப் புருவம் எவ்வளவு மேலே ஏறுகிறதோ, அதை வைத்தே ஆள் கால்கரி நகரத்தின் எந்தப் பக்கம், வீட்டில் எத்தனை அறை, வாரக்கடைசியில் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவரா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிடும். அறுபது வயதுக்குள் அவள் பார்க்காத புருவம் இல்லை.

புருவம் இறங்கியதும் வரும் கேள்வியும் அவளுக்கு மனப்பாடம். அங்கெல்லாம் காரைப் பூட்டிவிட்டுத்தானே இறங்க வேண்டும் என்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. டீர்ஃபுட் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கிழக்கே வந்ததே இல்லை, அவ்வளவுதான். அந்தச் சாலை தாண்ட முடியாத அகழி ஒன்றும் இல்லை. ஆனாலும் நகரத்தில் பாதிப் பேருக்கு அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது.

வெர்னா பிறந்தது அந்தப் பக்கம்தான். அப்பாவுக்கு இறைச்சி ஆலையில் வேலை. பத்தொன்பது வயதில் அவள் நகர நடுவில் ஒரு பெட்ரோலிய எண்ணெய்க் கம்பெனியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே இருந்தது, ஆளாளுக்குச் சம்பளமும் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் சம்பளத்தில் முழங்கால் வரை வரும் சிவப்புத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினாள். பூட்ஸ் காலுக்குப் பழகுவதற்குள் எண்ணெய் விலை கவிழ்ந்துவிட்டது. ஒரு மாடியில் இருந்த அத்தனை பேரையும் ஆளுக்கொரு அட்டைப் பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனது, பூட்ஸ் இருக்கிறது. வருடா வருடம் ஜூலையில் ஸ்டாம்பீட் என்கிற கவ்பாய்த் திருவிழா வந்ததும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மாட்டிக்கொள்வாள்.

பிறகு அவள் காபிக் கடை வைத்தாள். நகர நடுவில் கோபுரம் கோபுரமாக நிற்கிற அலுவலகங்களைத் தரைக்கு மேலே கண்ணாடி நடைபாலங்கள் இணைக்கின்றன. தை மாதக் குளிரில் வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி உறையும்போது, உள்ளே வெறும் சட்டையோடு ஒரு மைல் நடக்கலாம். அப்படி ஒரு பாலம் திரும்புகிற மூலையில் அவள் கடை. நான்கு ஸ்டூல், ஒரு மேடை, கேக் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. எண்ணெய் ஏறினால் பெரிய டம்ளரில் பால்நுரை கேட்பார்கள், பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். எண்ணெய் இறங்கினால் வீட்டிலிருந்து குடுவை கொண்டுவந்து, கொஞ்சம் வெந்நீர் மட்டும் ஊற்றித் தர முடியுமா என்பார்கள். அவள் இரண்டுக்கும் ஒரே சிரிப்புத்தான் சிரிப்பாள். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், மேலாளராக இருந்தாலும், தரை துடைப்பவராக இருந்தாலும்.

ஆனால் ஜூன் மாதத்தில் மட்டும் அந்த மூலை வழியாக வருவதற்குக் கொஞ்சம் பயப்படுவார்கள். வெர்னாவின் கொல்லையில் ருபார்ப் காடாக மண்டும். விரல் தடிமனில் புளிக்கிற தண்டு, யானைக் காது அளவுக்கு இலை. வெட்ட வெட்ட வரும். வேண்டாம் என்று சொன்னாலும் பையில் திணித்து அனுப்பிவிடுவாள். மிஞ்சியதைச் சர்க்கரை போட்டுக் கிளறி ஜாம் ஆக்கிப் பாட்டிலில் அடைப்பாள். அந்த ஜாமும் யாருக்கும் வேண்டாம். கார் கொட்டகையில் சுவர் நெடுக பாட்டில் அடுக்கியிருந்தது. அவள் கணவன் ரெஜ் அதைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு வருஷம் போனா காரை வெளியில நிறுத்திட்டு ஜாமை உள்ள பூட்டணும்" என்பான்.

இந்தக் கடையில்தான் ப்ரோடி வந்து மாட்டினான். முப்பத்தைந்து வயது, ஓர் எண்ணெய்க் கம்பெனியில் விளம்பர வேலை, எப்போதும் அவசரம். போன வருடம் மே மாதத்தில் ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

"வெர்னா, இந்த வருஷம் பான்கேக்கை எங்க போய்ச் சுடறதுன்னே தெரியல. எங்க பாத்தாலும் ஏற்கெனவே யாராவது சுட்டுக்கிட்டிருக்காங்க."

அவன் சொன்னது நிஜம்தான். ஸ்டாம்பீட் நடக்கிற பத்து நாளும் கால்கரியில் காலைச் சாப்பாட்டுக்கு யாரும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வங்கி வாசலில், பல் டாக்டர் வாசலில், கார் விற்கிற கடை வாசலில் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் இலவசப் பான்கேக். வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு முதலாளிகள் கரண்டி பிடிப்பார்கள். ஆனால் பெரிய கம்பெனி வண்டி எதுவும் டீர்ஃபுட்டைத் தாண்டி வந்தது கிடையாது. ஃபாரஸ்ட் லான் சமூகக் கூடத்தில் ரெஜ் இரண்டு சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு சுடுவான். அதுவும் மாவு தீரும்வரைதான்.

வெர்னா மேடையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"எங்க ஊருக்கு வா, கண்ணு."

புருவம் ஏறியது. நல்ல உயரம்.

"வரலாம். கார் நிறுத்தினா... பூட்டிட்டு..."

"பூட்டாம வா" என்றாள் வெர்னா. "சன்னலையும் இறக்கி விட்டுட்டு வா. உன் வண்டியில ஒரு துரும்பு குறைஞ்சாலும் இந்தக் கடைய உன் பேருக்கு எழுதித் தர்றேன்."

பக்கத்து ஸ்டூல்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ப்ரோடி சிரித்துக்கொண்டே கை நீட்டினான். வெர்னா ஈரக் கையோடு குலுக்கினாள். கடையையே பந்தயம் வைத்துவிட்டது பிறகுதான் உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அன்றைக்கே அவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். சமூகக் கூடத்து வாசல், பதினேழாம் அவென்யூ, கதவு எண், ஸ்டாம்பீட் சனிக்கிழமை காலை எட்டரை மணி. பிறகு ஜூலை வரும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இந்தத் தடவை பெரிய வண்டி வருகிறது, நாலாள் நீளக் கல்லோடு வருகிறது, பிடில் வாசிக்கிற குழுவே வருகிறது. கூடத்துக்கு எதிரே எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற முலுவிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது.

"அக்கா, நீங்க சொல்றதக் கேட்டா பான்கேக்கா கல்யாணமான்னே புரியல" என்றாள் முலு.

அந்தச் சனிக்கிழமை வெயில் பளிச்சென்று இருந்தது. எட்டு மணிக்கே கூடத்து வாகன நிறுத்தத்தில் வரிசை நின்றுவிட்டது. தலைப்பாகைக்கு மேலே கவ்பாய்த் தொப்பியை எப்படியோ நிறுத்திக்கொண்ட ஒரு பெரியவர், பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் இரவு வேலை முடித்த சீருடையோடு, தள்ளுவண்டிக் குழந்தைகள், வியட்நாம் பேக்கரிக்காரரின் குடும்பம் மொத்தமும். வெர்னா சிவப்புப் பூட்ஸில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். ரெஜ் கூடத்துச் சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நிழலில் நின்றான். அவன்தான் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன். வடக்கே எண்ணெய் வயலில் குழாய் பற்றவைக்கிற வேலை செய்து, முதுகு போன பிறகு இந்த வேலைக்கு வந்தவன்.

எட்டரை ஆயிற்று. வண்டியைக் காணோம்.

"வந்துருவான்" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றான் ரெஜ்.

"உன் மூஞ்சி சொல்லுது."

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. ப்ரோடிதான். பின்னால் பிடில் சத்தம், கல்லில் மாவு சொய் என்று விழுகிற சத்தம்.

"வெர்னா, அமர்க்களமா போகுது. ஏழே முக்காலுக்கே அடுப்பப் பத்தவச்சுட்டோம். இருநூறு பேருக்கு மேல சாப்பிட்டாச்சு. இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்கதான் எங்க நிக்கறீங்கன்னு தெரியல. நானும் எல்லாத் தொப்பியையும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டேன்."

வெர்னா சுற்றிலும் பார்த்தாள். அவள் முன்னால் இருந்தது வெறும் தார்த் தரை.

"நீ எங்க நிக்கற?"

"நீங்க சொன்ன இடத்துலதான். பதினேழாம் அவென்யூ. நீங்க அனுப்பின எண்ணைக் கைப்பேசியில போட்டோம், அது காட்டின வழியிலயே வந்துட்டோம். மூடிப்போன கம்பளக் கடை வாசல், இதுதான் இப்பக் கூடமாக்கும்னு நெனச்சோம்."

"அங்கிருந்து மலை தெரியுதா?"

"அழகா தெரியுதே."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். கால்கரியை நாலாகக் கூறு போட்டு, நாலிலும் அதே எண்ணைத்தான் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணுக்குப் பின்னால் திசையைச் சொல்லாவிட்டால் பீட்சாகூட ஆறித்தான் வந்து சேரும். இங்கே பால்குடிக் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் ஃபாரஸ்ட் லான்காரர்களுக்குப் பதினேழாம் அவென்யூ என்றால் தங்கள் தெருதான். அதற்குத் திசை எதற்கு? மேற்குக்காரர்களுக்கும் அப்படியே. தென்மேற்கு என்று அவன் எழுத மாட்டான், தென்கிழக்கு என்று அவள் எழுதவில்லை.

"ப்ரோடி, கண்ணு, நீ தென்மேற்குல நிக்கற."

அந்தப் பக்கம் கரண்டி கல்லில் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இவங்கெல்லாம் யாரு?" என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே சோறு போடற."

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் கல்லைச் சூடாக்கிக் கூடாரத்தை விரித்தால் போதும், வரிசை தானாக முளைக்கும். யார் போடுகிறார்கள், எதற்காக என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கரண்டிக்காரனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுத் தட்டை நீட்டுவார்கள். ப்ரோடியும் வந்த கூட்டத்தை வெர்னாவின் கூட்டம் என்றே நினைத்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இப்பவே மூட்டை கட்டிட்டுக் கிளம்பி வரேன்" என்றான் ப்ரோடி. "ஆனா இன்னும் நூறு பேர் நிக்கறாங்க. கையில முள்கரண்டியோட. முன்னால ஒரு குழந்தை என்னையே பாத்துக்கிட்டிருக்கு. மாவும் பாதிக்கு மேல தீர்ந்துபோச்சு."

கடைசியில் இந்தத் தடவையும் மேற்குக்காரர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இங்கே நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் தெரியும். அவங்க எப்பவும் வர மாட்டாங்கன்னு சொன்னேனே என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அதுதான் இன்னும் வலிக்கும்.

ஆனால் தட்டோடு வரிசையில் நிற்கிறவனைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அவங்களுக்குப் போட்டு முடி" என்றாள். "யாராவது கேட்டா ஃபாரஸ்ட் லான்காரங்க போடற சாப்பாடுன்னு சொல்லு. இங்க நான் பாத்துக்கறேன்."

கைப்பேசியை அணைத்தாள். ரெஜ் வந்து பக்கத்தில் நின்றான்.

"எதப் பாத்துக்கப் போற?"

"தெரியல. தென்கிழக்குன்னு நான் எழுதல, ரெஜ்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நானா இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான்.

வெர்னா வரிசைக்கு முன்னால் போய் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். ஒலிபெருக்கியும் வண்டியோடு தென்மேற்கில் இருந்தது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"எல்லாரும் கேளுங்க. நம்ம வண்டி பதினேழாம் அவென்யூவுக்குத்தான் போயிருக்கு. ஆனா அந்தப் பதினேழாம் அவென்யூவுக்கு. திசை போடாம விட்டது நான். அங்க யாருன்னே தெரியாத இருநூறு பேரு நம்ம பான்கேக்கத் தின்னுக்கிட்டிருக்காங்க."

பிறகு தலைப்பாகைப் பெரியவர் கேட்டார்:

"அவங்களுக்காவது பிடிச்சிருக்காமா?"

யாரோ ஒரு செவிலி முதலில் சிரித்தாள். அது வரிசையில் பரவியது. வேலைக்கு விண்ணப்பம் போட்டுத் திசை மாறிப்போன கதை, மாமியார் வடகிழக்கில் போய் அரை மணி நேரம் கதவைத் தட்டிய கதை என்று ஆளாளுக்கு ஒன்று எடுத்துவிட்டார்கள். ஆனால் வரிசை கலையவில்லை. பசியும் போகவில்லை.

எதிர்க் கடை வாசலில் நின்ற முலு தெருவைக் கடந்து வந்தாள்.

"அக்கா, எங்கிட்ட இஞ்செரா சுடற கல்லு ரெண்டு இருக்கு. கரண்ட்ல ஓடறது. தோசைக்கல்லு மாதிரி வட்டமா, இவ்வளவு பெருசு." கையை விரித்துக் காட்டினாள். "இதோ இப்படித் தூக்கிட்டு வந்துருவேன். ஆனா வெளியில எங்க செருகறது?"

ரெஜ் வாகன நிறுத்தத்தின் ஓரத்தைப் பார்த்தான். வேலி நெடுக, ஒவ்வொரு கார் நிற்கிற இடத்துக்கும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு மின்சாரப் பெட்டி. குளிர்காலத்தில் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்கக் காரைச் செருகி வைக்கிற இடம். ஜூலையில் அதை ஒரு நாய் மட்டும்தான் பயன்படுத்தும்.

"மார்ச்லயே மெயின அணைச்சுட்டேன்" என்றான் ரெஜ். சாவிக்கொத்தைக் கையில் எடுத்தான். "இப்பப் போடறேன். ஆனா ஒரு கம்பத்துக்கு ஒரு கல்லுதான். பேராசைப்பட்டா எல்லாம் போயிடும்."

அதற்குப் பிறகு நடந்ததை வெர்னா அவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. வரிசையில் இருந்து ஆட்கள் வீட்டுக்கு ஓடினார்கள், மின்சார வாணலியோடு திரும்பி வந்தார்கள். பேக்கரிக்காரர் முட்டையும் பாலும் தூக்கிவந்தார். அவர் மச்சான் பல்பொருள் கடையில் இருந்த பான்கேக் மாவுப் பொட்டலத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்தான். கம்பத்துக்குக் கம்பம் நீராவி எழுந்தது. குளிரில் வரிசையாகக் கார் நிற்கிற இடத்தில் வரிசையாக வாணலி நின்றது. நடுவில் முலுவின் இரண்டு கல்லும் கோயில் தேர்ச்சக்கரம் மாதிரி. அவள் தன் கடைக்காகப் புளிக்க வைத்திருந்த மாவில் ஒரு வாளியைப் பொட்டல மாவோடு கலந்து, வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி ஊற்றினாள். ஒரு பான்கேக்கை நான்காக மடித்தால்தான் தட்டில் நிற்கும்.

ஒரே ஒரு தடவை எல்லாம் அணைந்தது. பேக்கரிக்காரர் கடையைப் பார்க்கப் போன நேரம், அவர் மச்சான் அவருடைய கம்பத்தில் இன்னொரு வாணலியையும் காபி இயந்திரத்தையும் சேர்த்துச் செருகியிருந்தான்.

"நான் சொன்னது யாரு காதுல விழுந்துச்சு?" என்று ரெஜ் கூடத்துக்குள்ளிருந்து கத்தினான்.

"என் காதுல விழுந்துச்சு. என் மச்சான் காதுல விழல" என்றார் அப்போதுதான் திரும்பி வந்த பேக்கரிக்காரர்.

அப்புறம்தான் பாகு நினைவுக்கு வந்தது. மேப்பிள் பாகு அத்தனையும் வண்டியில் இருந்தது. பாகில்லாத பான்கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைகள் விழித்தார்கள். வெர்னா ரெஜ்ஜைப் பார்த்தாள். ரெஜ் வெர்னாவைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் முகம் அந்த ஜாமை நினைத்து மலர்ந்தது.

"எத்தனை பாட்டில் வேணும்?"

"எல்லாம்" என்றாள் வெர்னா.

முலுவின் புளித்த மாவும் ருபார்ப் ஜாமும் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்தது போல் இருந்தன. தலைப்பாகைப் பெரியவர் மூன்றாவது தடவை வந்து நின்றபோது, இந்த ஊறுகாய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். வெர்னா பதில் சொல்லாமல் அவருக்கு ஒரு பாட்டிலையே கொடுத்தாள்.

பத்தரை மணிக்குக் கம்பெனி வண்டி வந்து சேர்ந்தது. பின்னால் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு ப்ரோடி. கல்லெல்லாம் காலி, மாவு வாளியெல்லாம் காலி, சட்டையெல்லாம் எண்ணெய். அவனும் அவன் ஆட்களும் இறங்கி வெர்னா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"என்ன நின்னுக்கிட்டு?" என்றாள் வெர்னா. "வரிசை அந்தக் கோடியில முடியுது."

அவர்கள் போய் நின்றார்கள். முலு நான்காக மடித்துத் தட்டில் வைத்தபோது ப்ரோடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கார் செருகற கம்பத்துலயா இதைச் சுட்டீங்க?" என்றான், கம்பங்களைக் காட்டி.

"சாப்பிடு. ஆறிடும்."

அவன் வாயில் போட்டான். பிறகு சொன்னான்: "அங்க ஒரு வயசானவர் கேட்டாரு, யாரு போடறாங்கன்னு. ஃபாரஸ்ட் லான்காரங்கன்னேன். எங்களுக்கா, அவ்வளவு தூரத்துலேர்ந்தா வந்து போடறாங்கன்னு கேட்டாரு. அடுத்த வருஷம் நாங்க போய்ப் போடணும்னு பக்கத்துல இருந்தவங்கட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு."

வெர்னா பக்கத்தில் கிடந்த காலிப் பாட்டிலை எடுத்துத் துடைத்தாள். கண்ணில் புகை என்று ரெஜ்ஜிடம் சொன்னாள். கரண்ட் அடுப்புக்கு ஏது புகை என்று அவன் கேட்கவில்லை.

பிடில்காரர்கள் கூடத்து வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார்கள். செவிலியர்கள் சீருடையோடு ஆடினார்கள். பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது. ப்ரோடியும் ஓரத் தெருவில் நிறுத்தியிருந்த தன் வண்டியை எடுக்கப் போனான். சில நிமிடத்தில் வெர்னாவின் கைப்பேசி அடித்தது.

"வெர்னா, நீங்க சொன்ன மாதிரியே பூட்டாமதான் நிறுத்தினேன். சன்னலும் இறக்கித்தான் இருந்துச்சு."

அவள் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"ஏதாவது குறையுதா?"

"குறையல. கூடியிருக்கு. பக்கத்து சீட்டுல ஒரு கட்டு ருபார்ப். என் உயரத்துக்கு இருக்கு. சீட் பெல்ட் வேற போட்டு வச்சிருக்காங்க."

வெர்னா ரெஜ்ஜைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கம்பங்களிலிருந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"தண்டு பச்சையா இருக்கா, சிவப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

"சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு."

"அப்ப எங்க வீட்டுது இல்ல. எங்களுது பச்சை." தெருவை மேலும் கீழும் பார்த்தாள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆட்கள். இவர்களில் எவன் என்று யாரால் சொல்ல முடியும். "ஊர்க்காரங்க யாரோ வச்சிருக்காங்க, கண்ணு. அப்ப கடை என்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆனா இத வச்சு நான் என்ன பண்றது?"

"இலைய வெட்டி எறிஞ்சிரு, அது விஷம். தண்ட நறுக்கிப் போட்டுச் சர்க்கரைய அள்ளிக் கொட்டு. அளந்து கிளந்து போடாத." அவள் ஒரு கணம் யோசித்தாள். "மிச்சம் இருந்தா மாடியில உன் மேலாளருக்குக் குடு. அவர் வேண்டாம்பாரு. பையில திணிச்சு அனுப்பிடு."